ஜன்னல் மூடிய வீட்டில் முருகை வளர்த்தல்

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், முருகை வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியில், நீரின் அமில-கார நிலையைச் சொல்லும் பீ.எச். அளவு 7.74 என்று மானி காட்டியது. கடலில் அது 8.1 அளவில் இருக்கும் என்பது நான் மனனம் செய்து வைத்திருந்த பாடம். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற செருக்கும் சேர்ந்துகொள்ள, நீரில் காரம் குறைந்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, பத்துக் கிராம் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலையிலும் மானி அசையவில்லை. இன்னொரு பத்துக் கிராமை ஊற்றினேன். மூன்றாம் நாள் மாலை பாடசாலையிலிருந்து வந்து பார்த்தபோது, என்னிடமிருந்த ஒரே கிளை முருகையின் நுனிகள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தன. அடிப்பகுதியில் தசை உரிந்து, விரல்நகம் அளவுக்கு வெற்று எலும்பு தெரிந்தது. வெப்பமாக்கியின் கண்ணாடிக் குழாயைச் சுற்றி மாவு பூசியதுபோல் ஒரு வெள்ளைப் படிவு.

தமிழ்நாட்டு நண்பர்கள் பவளம் என்று எழுதுவதையே நாங்கள் இங்கே முருகை என்கிறோம். அதைக் கடலோரத்தில் வளர்ப்பவர்கள் எழுதிய குறிப்புகள் ஏராளம் கிடைக்கின்றன. ஆனால் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில், வீதி வழியாகக் கடலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, வருடத்தில் பாதி நாள் ஜன்னலைத் திறக்க மனம் வராத, இலங்கை மலையகத்து அட்டன் போன்றதோர் ஊரில் அதை வளர்க்கும்போது, அந்தக் குறிப்புகளில் சில தலைகீழாகிவிடுகின்றன. அவர்கள் நீரைக் குளிர்விக்க இயந்திரம் வாங்குகிறார்கள். நான் சூடாக்க மின்கட்டணம் கட்டுகிறேன். இந்த வேறுபாடு வெப்பநிலையோடு நின்றுவிடும் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன்.

அந்த மூன்று நாட்களில் நடந்ததைச் சொல்வதற்கு முன் காரத்தன்மையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முருகை தன் எலும்புக்கூட்டைக் கல்சியம் காபனேற்றினால், அதாவது சுண்ணக்கல்லாகவே கட்டுகிறது. அதற்கு வேண்டிய கல்சியம் ஒரு லீற்றர் கடல்நீரில் 410 மில்லிகிராம் அளவில் கரைந்திருக்கிறது. காபனேற்றுப் பங்கை நீரில் உள்ள இருகாபனேற்று தருகிறது. இந்த இரண்டாவது இருப்பைத்தான் வளர்ப்போர் காரத்தன்மை என்று அளந்து, ஜேர்மன் பாகையில் குறிக்கிறார்கள். இயற்கைக் கடலில் அது ஏறத்தாழ ஆறரைப் பாகை. வீட்டுத் தொட்டிகளில் ஏழு முதல் ஒன்பது வரை வைத்துக்கொள்வது வழக்கம். முருகை சுண்ணக்கல் கட்டக் கட்ட, காரத்தன்மை ஒரு பாகை குறையும்போது கல்சியம் வெறும் ஏழு மில்லிகிராம்தான் குறைகிறது. நானூற்றுப் பத்தில் ஏழு போனால் எந்தச் சோதனைப் பெட்டியும் அதை உறுதியாகக் காட்டாது. ஆனால் எட்டுப் பாகையில் ஒன்று போனால் இருப்பில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. கல்சியம் வீட்டில் கிடக்கும் அரிசி மூட்டை என்றால், காரத்தன்மை அன்றாடக் கைச்செலவுப் பணம். ஆகவே நான் நாள்தோறும் அளப்பது காரத்தன்மையை மட்டுமே. கல்சியத்தை வாரம் ஒருமுறையும் மக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும்.

அளப்பது என்றால் உயர்தர மாணவர்களுக்குப் பழக்கமான நியமிப்புதான், அதாவது நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டி அளப்பது. சோதனைப் பெட்டியில் வரும் சிறு குப்பியில் நான்கு மில்லிலீற்றர் தொட்டி நீரை எடுத்து, நிறங்காட்டித் துளிகளை விட்டால் நீலப்பச்சை நிறம் வரும். பிறகு ஊசிக்குழாயிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் குப்பியைச் சுழற்ற வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நிகழாததுபோல் இருந்து, ஒரு துளி விழும் இடத்தில் மட்டும் செம்மஞ்சள் வளையம் தோன்றி மறையும். அதற்கடுத்த ஒன்றிரண்டு துளிகளுக்குள் குப்பி முழுவதும் நிறம் மாறிவிடும். மழைக்கால மாலைகளில் குழல்விளக்கின் கீழ் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், குப்பிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள்கிறேன். பெட்டியின் மீது ஐயம் வரும்போது, 50 மில்லிலீற்றர் தொட்டி நீரை எடுத்து மெதைல் செம்மஞ்சள் காட்டியுடன், லீற்றருக்கு 0.02 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தால் நானே நியமித்துப் பார்ப்பேன். ஏழு மில்லிலீற்றர் செலவானால் காரத்தன்மை 7.8 பாகை. பெட்டியின் விடையும் இதுவும் அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டால் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பாறைகளுக்கும் மணலுக்கும் போக என் தொட்டியில் உள்ள நீர் 150 லீற்றர். அதில் நாலரைக் கிராம் அப்பச்சோடா காரத்தன்மையை ஒரு பாகை உயர்த்தும். இருபது கிராம் நாலரைப் பாகைக்கு அருகில் உயர்த்தும். நான் ஊற்றுவதற்கு முன் காரத்தன்மையை அளக்கவே இல்லை. மூன்றாம் நாள் மாலை அளந்தபோது 11.4 வந்தது, குறிப்பேட்டில் அதற்கு முந்தைய வாரத்து அளவு 7.6. குறையாத ஒன்றை நிரப்பியிருக்கிறேன். அதைவிட வெட்கம், அப்பச்சோடா பீ.எச்.சை உடனே உயர்த்தாது, ஊற்றிய வேளையில் சிறிது தாழ்த்தவும் செய்யும் என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனும் நானே. திடீரென்று ஏறும் காரத்தன்மை, அதிலும் ஊட்டச்சத்துகளான நைத்திரேற்றும் பொசுபேற்றும் அற்றுப்போன தொட்டியில், கிளை முருகைகளின் நுனியைக் கருக்கிவிடும் என்பது வளர்ப்போர் பலரும் கண்டது. அந்நாட்களில் அவ்விரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு இதைவிடச் சரியான பாடம் கிடைத்திருக்காது.

அப்படியானால் பீ.எச். ஏன் தாழ்ந்தது? இதற்கு ஒரு கோப்பையும் ஒரு காற்றுப் பம்பும் போதும். தொட்டியிலிருந்து ஒரு கோப்பை நீரை எடுத்து விறாந்தைக்குக் கொண்டுபோய், மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பினால் ஒரு மணிநேரம் குமிழிவிட்டேன். விறாந்தைக் குளிரில் கோப்பை ஆறிவிட்டது. கடல்நீர் குளிரும்போது பீ.எச். தானாகவே சற்று ஏறும் என்பதால், கோப்பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 25 பாகை செல்சியசுக்குக் கொண்டுவந்த பின்னரே அளந்தேன்: 8.11. இன்னொரு கோப்பையை அறைக்குள்ளேயே வைத்து அதேபோல் குமிழிவிட்டேன்: 7.76. நீர் ஒன்றே; காற்றுத்தான் வேறு. ஐந்து பேர் உறங்கி எழுந்த, ஜன்னல்கள் மூடிய, காலைச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த வீட்டின் காற்றில் நிறைந்திருந்த காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து பீ.எச்.சைத் தாழ்த்தியிருக்கிறது. காற்றில் அதன் அளவு இரட்டிப்பானால் பீ.எச். ஏறத்தாழ 0.3 குறையும். மானி குறைசொன்னது என் வீட்டைப் பற்றி. நான் தண்டித்தது தண்ணீரை.

அன்றிலிருந்து பீ.எச். அளவை அறையின் காற்றைப் பற்றிய செய்தியாகவே வாசிக்கிறேன். காரத்தன்மை சரியாக இருந்து பீ.எச். மட்டும் தாழ்ந்தால் தொட்டிக்குள் எதையும் ஊற்றுவதில்லை. தொட்டி அறையின் ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைக்கிறேன். கழிவை நுரையாக்கி அகற்றும் புரத நுரை பிரிப்பானின் காற்றுக் குழாயை நீட்டி, ஜன்னல் சட்டத்தில் துளையிட்டு, வெளிக்காற்றை இழுக்கும்படியும் செய்துவிட்டேன். அந்தக் குழாயின் வெளிமுனையில் ஒரு துண்டு நுளம்பு வலையைக் கட்ட வேண்டியிருந்தது. முதல் வாரத்திலேயே ஒரு குளவி அதில் மண்கூடு கட்டத் தொடங்கியதை எந்தக் கைந்நூலும் முன்னறிவித்திருக்கவில்லை.

காரத்தன்மையை நாள்தோறும் ஈடுசெய்ய நான் நம்புவது சுண்ணாம்பு நீர். கல்சியம் ஐதரொட்சைட்டு நீரில் கரைந்து, முருகை எடுத்துக்கொள்ளும் அதே விகிதத்தில் கல்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே தருகிறது. கூடவே நீரிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடுவதால், ஜன்னல் மூடிய வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, இது குளிர்ந்த நீரில்தான் சற்று அதிகமாகக் கரையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றரில் கரைவது 1.7 கிராம் அளவே. ஆகவே ஒரு லீற்றருக்கு இரண்டு கிராமைப் போட்டுக் கலக்கி மூடிவைத்தால், வேண்டியது கரைந்து மிச்சம் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். சில மணிநேரத்தில் அதன் முகத்தில் பாலாடைபோல் மெல்லிய ஏடு படியும். காற்றிலிருந்த காபனீரொட்சைட்டு சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக்கிய ஏடு அது. அதைக் கலைக்காமல் நடுவிலிருந்து தெளிவை மட்டும் குழாய்வழி இழுக்க வேண்டும். அப்படி எடுத்த ஒரு லீற்றர் என் 150 லீற்றரில் காரத்தன்மையை முக்கால் பாகைக்குச் சற்று மேல் உயர்த்தும். என் முருகைகள் நாளொன்றுக்குச் செலவழிப்பது அரைப் பாகை; ஆவியாகிப் போவதோ இரண்டு லீற்றர். எனவே முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவான சுண்ணாம்பு நீரும், மிச்சத்துக்கு வெறும் தூய நீரும். அதன் பீ.எச். 12-க்கு மேல் என்பதால் ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே பால்நிறமாகிக் கல்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே படிந்து வீணாகும். இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக, வைத்தியசாலையில் சேலைன் ஏற்றுவதுபோல் இறக்குகிறேன். விளக்கணைந்த பிறகு தொட்டியின் பீ.எச். தாழ்வது இயல்பு, அந்த நேரத்தில் இது அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

நான் முதன்முறை சுண்ணாம்பு கரைத்தபோது, வெற்றிலைக் கரண்டகத்துடன் திண்ணையில் இருந்த அப்பாயி எட்டிப் பார்த்து, "என்னா ராசா, மீனும் வெத்தல போடுதா?" என்று கேட்டார். அவர் கரண்டகத்தில் இருப்பதும் இதே பொருள்தான். ஹிக்கடுவ, அம்பலாங்கொடைப் பக்கங்களில் முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையிலிட்டுச் சுட்டே நெடுங்காலம் சுண்ணாம்பு செய்தார்கள். அந்தச் சுண்ணாம்பில் சிறிதாவது அப்பாயியின் வெற்றிலைக்கும் வந்திருக்கும். முருகையைச் சுட்டுச் செய்த பொருளைக் கரைத்து முருகை வளர்ப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டியில் இடாதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மலையகத்தில் கவ்வாத்து முடிந்த தேயிலை மலைகளுக்குப் போடும் டொலமைட்டும் உதவாது. அது கல்சியமும் மக்னீசியமும் கலந்த காபனேற்று. மண்ணின் புளிப்பைத் தணிக்கும் அளவுக்குக் கரையுமே தவிர, பீ.எச். 8-இல் நிற்கும் கடல்நீரில் கல்லாகவே கிடக்கும். நண்பர் ஒருவர் அன்பாக ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தார். அது இப்போது வீட்டு ரோசாச் செடிகளுக்குப் பயன்படுகிறது.

மக்னீசியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கடலில் அது லீற்றருக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டி, கல்சியத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. சுண்ணக்கல் துகள்கள் உருவாகத் தொடங்கும்போது அவற்றின் முகத்தில் ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாமல் தடுப்பது அதுவே. அது குறைந்த தொட்டியில் எவ்வளவு கல்சியம் ஊற்றினாலும் நிற்காது, படிந்துகொண்டே இருக்கும். இங்கே இந்தப் படிவுச் சிக்கல் இன்னும் கூடுதல். ஏனென்றால் இரவில் அறை 15 பாகைக்கு இறங்கும்போது 25 பாகையைக் காப்பாற்ற வெப்பமாக்கி ஓயாமல் எரிகிறது, அதன் சூடான மேற்பரப்பில்தான் சுண்ணக்கல் முதலில் படிகிறது. மாதம் ஒருமுறை மின்னைத் துண்டித்து, நன்றாக ஆறவிட்டு, வினாகிரியில் ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். ஒரே பெரிய வெப்பமாக்கிக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வைப்பதும் நல்லது. ஒன்று பழுதானாலும் தொட்டி வெந்துபோகவோ விறைத்துப்போகவோ செய்யாது.

மலை ஊற்றிலிருந்து வரும் நன்னீரைப் பற்றி மலையகத்தார் பலரும் என்னிடம் சொல்வது ஒன்றே: "நம்ம பீலித் தண்ணியைவிடச் சுத்தமான தண்ணி எங்க சேர் இருக்கு?" குடிப்பதற்கு நானும் அதை மறுக்கமாட்டேன். எங்கள் வீட்டுக் குழாய் நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவான டி.டி.எஸ். 30-ஐத் தாண்டுவது அரிது; வரண்ட வலயத்து வன்னீரோடு ஒப்பிட்டால் இது பன்னீர். ஆனால் அந்த முப்பதுக்குள் எது இருக்கிறது என்பதை மானி சொல்லாது. ஊற்றுக்கு மேலே இருப்பது தேயிலை மலை. யூரியாவும் பொசுபேற்றுப் பசளையும் மழையோடு இறங்கலாம். அவற்றைவிட எனக்கு அச்சம் தருவது செப்பு. 1946-ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலையைத் தாக்கத் தொடங்கிய கொப்புள நோய்க்கு எதிராக, மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் செப்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகளைத் தெளிப்பது வழமை. மனிதருக்குத் தீங்கில்லாத அளவுச் செப்பே முருகைக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சாகிவிடும். மழைநீரைப் பிடிக்கலாம் என்றால், தகரக் கூரையின் துத்தநாகப் பூச்சு அதில் கலக்கும். எனவே ஆர்.ஓ. வடிகட்டியும் அதன் பின் அயன் பரிமாற்றப் பிசினும் கடந்து, மானி பூச்சியத்தைக் காட்டிய நீரை மட்டுமே பயன்படுத்துகிறேன். ஆர்.ஓ. மென்சவ்வு குளிர்நீரில் சோம்பிவிடும் என்பதும் இங்கே வந்துதான் தெரிந்தது: 25 பாகையில் தரும் நீரில் மூன்றில் இரண்டு பங்குதான் மார்கழி, தை மாதங்களில் கிடைக்கிறது. மலை ஊற்றிலிருந்து வரும் குழாயின் அழுத்தமும் போதாமல், ஒரு சிறு அமுக்கப் பம்பைப் பூட்ட வேண்டியதாயிற்று.

உப்புக் கலவை வாங்கிக் கலக்குவதே என் வழக்கம். கடல்நீரை அள்ளிவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை மார்கழி விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து நான்கு கேன்களில் கொண்டும் வந்தேன். வீட்டில் அளந்தால் ஒப்படர்த்தி 1.022. வடகீழ்ப் பருவ மழையில் வாவியும் ஆறுகளும் கடலில் கலக்கும் காலத்தில், அதுவும் முகத்துவாரத்துக்கு அருகில் அள்ளினால் வேறென்ன கிடைக்கும்? எனக்கு வேண்டியது 1.026, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. உவர்த்தன்மை குறைந்தால் கல்சியம், மக்னீசியம், காரத்தன்மை எல்லாமே அதே விகிதத்தில் குறைந்துவிடும் என்பதால், வேறெந்த அளவைக் கண்டு கலங்குவதற்கு முன்னும் இதை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒளிமுறிவுமானியை வெறும் நீரில் பூச்சியத்துக்குத் திருத்தினால் போதாது, 35 பங்கு நியமக் கரைசலில் திருத்த வேண்டும். குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் சூடான துளியை விட்டால், அரை நிமிடம் பொறுத்துத்தான் வாசிக்க வேண்டும்.

முருகைகளையும் கடலிலிருந்து எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு விடை ஒரு சொல்தான்: கூடாது. இலங்கைக் கடலிலிருந்து உயிருள்ள கல்முருகையை எடுப்பது சட்டப்படி குற்றம்; 1998-இலும் 2016-இலும் கடல் வெப்பமேறி வெளுத்துப்போன பாறைகளிலிருந்து இன்னும் ஒரு துண்டை உடைக்க எவருக்கும் மனம் வரவும் கூடாது. என்னிடமுள்ளவை எல்லாம் தொட்டிகளிலேயே வளர்த்துப் பிரித்தெடுத்து, உரிய பத்திரங்களுடன் வந்த துண்டுகள்.

2022 பங்குனி இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, இரசாயனம் எல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. இந்த உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு; நீரில் கரையக்கூடிய ஒட்சிசனும் அதே அளவு குறைவு. மின்கலக் காற்றுப் பம்பு ஒன்றே மூச்சுக் கொடுத்தது. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்துக் கம்பளிகள் இரண்டைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினோம். வெப்பநிலை 25-இலிருந்து 21-க்கு இறங்கியும் முருகைகள் பிழைத்தன. குளிரில் அவற்றின் வளர்ச்சி மந்தமாகிக் காரத்தன்மைச் செலவும் பாதியாகிவிட்டது. அதைக் கவனிக்காமல் வழக்கமான அளவில் சுண்ணாம்பு நீரை இறக்கியிருந்தால் பழைய கதை மீண்டும் நடந்திருக்கும். இம்முறை குறிப்பேட்டைப் பார்த்து அளவைக் குறைத்திருந்தேன். தொழிலாளர் வரவைப் பதியும் அப்பாவின் செக்ரோல் புத்தகத்தைப்போலவே நீண்ட கட்டங்கள் போட்ட அந்தக் குறிப்பேட்டில் நாள், வெப்பநிலை, காரத்தன்மை, பீ.எச்., இறக்கிய சுண்ணாம்பு நீர், ஜன்னல் திறந்ததா மூடியதா என்று ஆறு நிரல்கள் இருக்கின்றன. ஒரு நாளில் காரத்தன்மையை அரைப் பாகைக்கு மேல் எந்தப் பக்கமும் நகர்த்துவதில்லை என்று அதன் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பழைய பிழையில் ஏறிய 11.4-ஐக் கீழே கொண்டுவருவதற்கும் அந்த விதிதான் பயன்பட்டது. ஒன்றும் ஊற்றாமல், முருகைகளே செலவழிக்கட்டும் என்று விட்டதில் 8-ஐத் தொடப் பத்து நாட்களுக்கு மேலாயிற்று. அந்தக் கிளை முருகையின் உரிந்த அடிப்பகுதி மீண்டும் மூடவில்லை. வெற்று எலும்பின் மேல் ஊதாநிறச் சுண்ணப்பாசி படர்ந்துவிட்டது. நுனிகளோ மூன்று மாதத்தில் திரும்பி வந்தன. பழைய கிளையிலிருந்து சற்றே விலகிய கோணத்தில், முறிந்து பொருந்திய விரலைப்போல் வளைந்து வளர்ந்திருக்கின்றன.

இன்று காலைக் கணக்கு: 25.2 பாகை, காரத்தன்மை 7.8, பீ.எச். 8.02, சுண்ணாம்பு நீர் 650 மில்லிலீற்றர். ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருக்கிறது. என் மனைவி அதே அறையில், காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறார்.